நாற்பதுக்கு மேல் வேலையும் கவனமும்

(கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க)

"வயசாச்சு, கவனம் போச்சு."

நமது ஊர்ப்புறங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. தறியில் இழை அறுந்தது தெரியாமல் நெய்துவிட்டாலும் இதே பேச்சு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் இதே பேச்சு. மடையைத் திறந்துவிட்டு வந்து அடைக்க மறந்துபோனாலும் இதே பேச்சுத்தான். சொல்கிறவர்கள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்கிறவர் மனதில் அது தங்கிவிடுகிறது. சிலர் கைவந்த தொழிலையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கண்ணிலோ இரத்தத்திலோ இருக்கும் குறையை வயதின் தலையில் கட்டிவிட்டு, மருத்துவரிடம் வராமலே காலத்தைக் கடத்துகிறார்கள். இரண்டும் குடும்பத்துக்கு நஷ்டம்.

வயது ஏறும்போது கவனத்தில் மாறுதல் ஏற்படுவது உண்மைதான். ஆனால் மாறுவது எது, மாறாதது எது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை வீட்டில் குறையும், விபத்துகளும் குறையும்.

ஒரு தறி வீடு

ஆரணிப் பக்கத்தில் ஒரு பட்டுத் தறி வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 52, மனைவிக்கு 47. கோர்வைச் சேலை நெய்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட வேண்டும். கணவர் குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்கிறார். ஒரு பக்கத்துக் கரை நாடாவை மனைவி போட்டுக் கொடுக்கிறார். இரண்டு பேர் கவனமும் ஒரே தாளத்தில் ஓட வேண்டிய வேலை இது. யாராவது ஒருவர் கவனம் ஒரு நொடி நழுவினாலும் கரையும் உடலும் சேருகிற இடத்தில் பிசகு விழும். பிசகு விழுந்தால் கூலியில் பிடித்தம்.

ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு பாவு இழை அறுந்திருக்கிறது. அது தெரியாமலே நாலு விரற்கடை நெய்தாகிவிட்டது.

"ஏங்க, இதக்கூடவா பாக்கல நீங்க?"

"நீ அந்தப் பக்கம் தூங்கி வழிஞ்சிக்கிட்டிருந்தியே, அத யாரு கேக்கறது?"

மகன் சும்மா இருப்பானா? "அப்பா, ஒங்களுக்கு வயசாயிடுச்சு. தறியப் பிரிச்சுப் போட்டுடலாம். நான் கம்பெனி வேலைக்குப் போறேன்" என்கிறான்.

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழு உண்மை யாரிடமும் இல்லை.

இளவட்டங்களுக்கும் உள்ள குறை

ஒரே வேலையை நெடுநேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வயதுக்காரருக்கும் கவனம் தளரும். இதை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படை வீரர்கள் ரேடார் திரைக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நல்ல கண்பார்வையும் திடகாத்திரமும் உள்ள வாலிபர்கள். அவர்களே நேரம் ஆக ஆகத் திரையில் தெரிந்ததைக் காணாமல் விட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்ற அறிஞர் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் நொடிக்கு ஒரு அடி வைத்து நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு அடி ஒன்றாகத் தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். முதல் அரை மணிக்குப் பிறகே தவறவிடுவது கூடிப்போயிற்று. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தபோது அந்தத் தளர்ச்சி வரவில்லை. 1948-ல் இதை எழுதி வெளியிட்டார்.

ஆகவே நாலு மணிக்குத் தறியில் கவனம் நழுவியது என்றால், வயதைக் கேட்பதற்கு முன்னால் "எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள்? நடுவில் எத்தனை தடவை எழுந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். நம் தறிக்காரர் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர். சாப்பிட எழுந்ததோடு சரி.

நாற்பதில் உச்சம்

இன்னொரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 10 வயது முதல் 70 வயது வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே சோதனை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஊர்ப் படங்கள் ஒன்று மறைய ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஊர்ப் படம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இடையிடையே மலைப் படம் வரும். அப்போது கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இதில் கவனத்தை நிறுத்தி வைக்கும் திறமை இருபது வயதில் உச்சத்தில் இல்லை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்து 43 வயதை ஒட்டி உச்சிக்கு வந்தது. அதன் பிறகும் சட்டென்று விழவில்லை. சிறுகச் சிறுகத்தான் இறங்கியது. வயதானவர்கள் அவசரப்படாமல், நிதானித்து, தவறு செய்யாமல் இருப்பதையே பெரிதாக நினைத்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

வேலையின்போது மனம் வேறெங்கோ அலைவதும் இளைஞர்களைவிடப் பெரியவர்களுக்குக் குறைவு. இது பல ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்டது. "பெருசு சொன்ன வேலையச் செஞ்சு முடிக்கும், சின்னது செல்லப் பாத்துக்கிட்டு நிக்கும்" என்று களத்துமேட்டில் சொல்வது வீண் பேச்சு அல்ல.

கைப்பழக்கத்தின் பலன் வேறு இருக்கிறது. 1984-ல் அமெரிக்காவில் டைப்ரைட்டிங் தெரிந்தவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 19 வயது முதல் 72 வயது வரை உள்ளவர்கள். விளக்கைக் கண்டதும் பொத்தானை அழுத்து என்றால் வயதானவர்கள் பிந்தினார்கள். ஆனால் டைப் அடிக்கும் வேகத்தில் அவர்கள் குறையவில்லை. காரணம், அவர்களுடைய கண், விரலுக்குச் சில எழுத்துகள் கூடுதலாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வருவதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவருக்கும் இந்த முன்பார்வை இருக்கும். மகன் தறியைப் பிரிக்கச் சொல்வது சுலபம். இந்தப் பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது.

மாறுவது எது?

முதலாவது வேகம். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைவதற்கு ஆகும் நேரம் வயதோடு கூடுகிறது. தறியின் வேகத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், பாதகமில்லை. மெஷினின் வேகத்துக்கு நாம் ஓட வேண்டிய வேலைகளில்தான் ஆபத்து.

இரண்டாவது வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் மணி சுருங்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் வில்லை பழுப்பேறிவிடுகிறது. நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வையும் மங்கும். மகனுக்குப் போதுமான வெளிச்சம் அப்பாவுக்குப் போதாது. தறிக் குழி எப்போதும் வீட்டின் இருட்டான மூலையில்தான் இருக்கிறது, அது ஏனோ!

மூன்றாவது, இரண்டு வேலையை ஒரே சமயத்தில் செய்வது. இதுதான் வயதானவர்களை அதிகம் வாட்டுகிறது. ஸ்வீடன் நாட்டில் முதியோர் விடுதி ஒன்றில் 58 பேரைக் கவனித்தார்கள். கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தால் 12 பேர் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். 1997-ல் வெளியான செய்தி இது. உங்கள் வீட்டுப் பெரியவர் நின்று பதில் சொல்கிறாரா? அப்படியானால் குடத்தோடு படியேறும்போதும், வாசலில் ஈரத்தில் நடக்கும்போதும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். நின்ற பிறகு பேசுங்கள்.

காது விஷயம் தனி. மனைவி கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னது மனதில் ஏறுவதில்லை என்றால் காதைச் சோதிக்க வேண்டும். காது மந்தமானவரைக் கவனமில்லாதவர் என்று திட்டுவது நம் வீடுகளில் தினப்படி நடக்கிறது. சில சமயம் காதில் அடைத்த குறும்பியை மருத்துவமனையில் எடுத்தாலே போதும்.

மனைவியின் தூக்கம்

மறுபடி தறி வீட்டுக்கு வருவோம். அந்த அம்மாள் தூங்கி வழிந்தது உண்மை. ஏன் என்று கணவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒடம்பு குப்புன்னு கொதிக்குது. வேர்த்துக் கொட்டுது. எழுந்து ஒக்காந்துக்கறேன். அப்புறம் தூக்கம் வர்றதில்ல. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

மாதவிலக்கு நிற்கும் காலம் இது. நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கு 45 முதல் 50 வயதுக்குள் வருகிறது. சூடு பறப்பதும், இரவு வியர்வையும், தூக்கம் கெடுவதும் இதனால் உண்டாகும். தூக்கம் கெட்டால் மறதியும் கவனக் குறைவும் கூடவே வரும். இது பைத்தியமும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. இந்தக் காலத்தில் சிலருக்கு விலக்கு அதிகமாகப் போகும். அதனால் இரத்த சோகை ஏற்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அசதி தள்ளும். இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள்.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனதை வைத்து "நின்றுவிட்டது" என்று எண்ணிக் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். இந்த வயதிலும் கரு தங்கும். எப்போது விடலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல், முழுதாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி உதிரம் கண்டால், அது கொஞ்சமாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கணவரின் தூக்கத்துக்கும் கணக்கு உண்டு. 1997-ல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த விஷயம்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 அளவு சாராயம் ஏறியவரின் நிதானத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03-தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பது மணி என்பது 17 மணி நேரம். அதற்கு மேல் மோட்டார் போட வயலுக்குப் போகிறவரும், லோடு ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறவரும் குடிக்காமலே குடித்தவர் நிலையில்தான் இருக்கிறார். அசதி போகக் கொஞ்சம் போட்டுக்கொண்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைப்பதும் தப்பு. முதல் தூக்கம் வரும். பின்னிரவுத் தூக்கம் கெடும். பலத்த குறட்டையும், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதைக் கணவர் அறிய மாட்டார். மனைவிதான் அறிவார். அவர்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அவர்கள் என்ன செய்தார்கள்?

முதலில் கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள். கணவர் போட்டிருந்த கண்ணாடி ஆறு வருடத்துக்கு முன்னால் சந்தையில் வாங்கியது. புதுக் கண்ணாடி வந்தது. தறிக்கு நேர் மேலே இருந்த ஓடு ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தார்கள். சாயங்காலத்துக்கு ஒரு விளக்கை இடது பக்கம் தாழ்வாக, கண்ணில் அடிக்காதபடி தொங்கவிட்டார்கள். கோர்வை விழும் பகுதியைக் காலையிலும், கட்டம் இல்லாத உடல் பகுதியைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தார்கள். கோர்வையில் அது நடக்காது, ஒவ்வொரு இழைக்கும் கரை உண்டு. ஆகவே வேறு வழி செய்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை நிறுத்தி, இரண்டு பேரும் பாவின் மேல் கையைத் தடவி அறுந்த இழை இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பது. வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் உடம்பு வாடிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தார் சுற்றுவது, பட்டு உலர்த்துவது போன்ற லேசான வேலை.

"நாளைக்கு அரை மொழம் கொறையுமே?" என்று கணவர் முதலில் முனகினார்.

"பிசகு விழுந்து பிடிச்சாங்களே, அது எத்தன மொழம்?" என்றார் மனைவி. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை

கவனம் வேண்டிய வேலைகளிலேயே கடினமானது எது என்று கேட்டால் தறியைச் சொல்ல மாட்டோம். தவழும் குழந்தையையும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தையையும் பார்த்துக்கொள்வதைத்தான் சொல்வோம். மாக்வொர்த்தின் கடிகாரத்தைப் போன்ற வேலை அது. நெடுநேரம் ஒன்றும் நடக்காது. நடக்கும்போது ஒரு நொடியில் நடந்துவிடும். இந்த வேலையை நாம் கூலி இல்லாமல், ஓய்வு இல்லாமல், கண் மங்கிய அறுபத்தைந்து வயதுப் பாட்டியின் தலையில் வைத்துவிட்டுக் களை எடுக்கப் போகிறோம். ஏதாவது ஆகிவிட்டால், "கெழவிக்குக் கவனம் இல்ல" என்கிறோம். இந்தப் பழியைச் சுமந்துகொண்டு மீதி நாளைக் கழிக்கும் பாட்டிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. சினிமாவில் காட்டுவது போல் கையை அடித்துக்கொண்டு கூப்பிடாது. அரை வாளித் தண்ணீர் போதும். தலைகுப்புற விழுந்தால் சின்னக் குழந்தையால் நிமிர முடியாது. பாட்டிக்குக் காது மந்தம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே பாட்டியின் கண்ணை மட்டும் நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள். வேலைக்குப் புறப்படும் முன் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கும் உறைகிணற்றுக்கும் மூடி போடுங்கள். கொல்லைப் பக்கம் குட்டை இருந்தால் குழந்தை திறக்க முடியாத படல் ஒன்று கட்டுங்கள். இது கணவரின் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மருமகள்கள் செய்யும் ஒரு தவறு, குழந்தையோடு அடுப்பையும் ஒப்படைத்துவிட்டுப் போவது.

"அத்தே, ஒலையில அரிசி போட்டிருக்கேன், ஒரு கண்ணு பாத்துக்கோங்க. இவனையும் பாத்துக்கோங்க."

இரண்டு கண்ணும் குழந்தைக்கே வேண்டும். சோற்றை வடித்துவிட்டுப் போங்கள், அல்லது வந்து வடித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிக்குக் கண் சொக்கும் நேரத்தில், ஒரு மணி நேரமாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது. பாட்டியும் "எனக்கென்ன, நான் பாத்துக்குவேன்" என்று வீம்புக்குச் சொல்லாமல், "இன்னிக்குத் தலை சுத்துது, வேற ஆளப் பாரு" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

மெஷின் வேலை

மாட்டுத் தீவனத் தட்டு வெட்டும் மெஷின், கரும்பு பிழியும் மெஷின், கதிரடிக்கும் மெஷின் இவற்றில் கையால் தள்ளிக் கொடுக்கும் வேலை வேகமான கைக்காரர்களுக்கே ஆபத்தானது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை வாய்ப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அவர்கள் கட்டு அவிழ்த்துக் கொடுக்கட்டும், சுவிட்சுப் பக்கத்தில் நிற்கட்டும். அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்தி, சக்கரம் நின்ற பிறகே கையை விட வேண்டும். புடவைத் தலைப்பும் துண்டும் இடுப்பில் இறுகச் செருகி இருக்கட்டும். அந்தி சாயும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வயதல்லாத காரணங்கள்

கவனக் குறைவு சில வாரங்களில் திடீரென்று கூடினால் அதை வயது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய், தைராய்டு, இரத்த சோகை, மனச் சோர்வு, கண் புரை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள் அடுத்த நாள் வரை தூக்கத்தை இழுக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு மெஷினிலோ வண்டியிலோ கை வைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலில் நிற்கிறவர் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்ந்துவிடுவது, பேச்சுக் குழறுவது இவை பக்கவாதத்தின் அடையாளம். "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட கணவன் மனைவி இருவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரலாம். கட்டணம் கிடையாது. வரும்போது இப்போது போட்டிருக்கும் கண்ணாடியையும், மருந்துக் கடையில் வாங்கியது உட்பட வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு வரவும். தனித்தனியாக வராமல் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் நல்லது. ஒருவர் சொல்ல மறந்ததை மற்றவர் சொல்வார்.